சுட்டிக்குப் போடாத தழை

மாசி மகத்துக்குக் கடலுக்கு வந்த சாமிகள் எல்லாம் ஊர் திரும்பிய பிறகுதான் டவுனைச் சுற்றி ஓடுகிற புல்வார் சாலைக்குள் இருக்கிற தூங்குமூஞ்சி மரங்கள் நெற்று உதிர்க்க ஆரம்பிக்கும். கறுத்துத் தடித்த நெற்று. கையில் எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டும். வாயில் வைத்தால் வெல்லப்பாகு வாசனை அடிக்கும். வைத்துப் பார்த்திருக்கிறேன். ஆட்டுக்குப் போடுகிற எதையும் நாமும் ஒரு தடவை தின்று பார்த்துவிட வேண்டும் என்பது அந்த நாளில் என் கட்சி. தவிடு, புண்ணாக்கு, அகத்தி, முருங்கை எல்லாம் தின்றேன். காய்ந்த கடலைக்கொடி மட்டும் தொண்டையில் இறங்கவில்லை.

சாக்கை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு விடிந்ததும் நாங்கள் குடியிருந்த சாரம் பேட்டையிலிருந்து நடப்பேன். வாய்க்காலைத் தாண்டிவிட்டால் தெருக்களின் நிறமே மாறிவிடும். மஞ்சள் சுவர், வெள்ளைச் சுவர், சுவருக்கு மேலே காகிதப்பூ. ஜன்னல் கதவுகள் மூடியே இருக்கும். உள்ளே ஆள் இருக்கிறார்களா, கப்பலேறிப் போய்விட்டார்களா என்று தெரியாது. கடல் கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் தெருக்கோடியிலிருந்து வந்துகொண்டே இருக்கும். மரங்கள் அப்போதுதான் மூடிய இலைகளை விரித்துக்கொண்டிருக்கும். எனக்கும் பாதித் தூக்கம்தான். நெற்று பொறுக்குகிறேனா, பொறுக்குவதாகக் கனவு காண்கிறேனா என்று சில நாள் எனக்கே சந்தேகம் வரும்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தாலும் போலீஸ்காரர் தலையில் சிவப்புக் கெப்பித் தொப்பி அப்படியே இருந்தது. ஒருத்தர் தினமும் என்னைப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டார்.

“என்னாம்மா பொறுக்கற?”

“ஆட்டுக்குங்க.”

அதற்கப்புறம் அவர் நடக்கிற வழியில் கிடக்கும் நெற்றையெல்லாம் பூட்ஸ் காலால் என் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டே போவார்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி இரண்டு வருடம். என் வீட்டுக்காரர் புல்வாருக்குள் ஒரு ரொட்டிக்கடையில் அடுப்படி வேலை பார்த்தார். காலையில் வீடு திரும்பும்போது புருவத்தில் மாவு இருக்கும். துணிப்பையில் முந்தின நாள் விற்காமல் போன நீள ரொட்டிகள் நாலைந்து இருக்கும். குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் பகலெல்லாம் தூங்குவார். நாங்கள் இருந்தது நாலு குடித்தனம் இருந்த ஒரு ஓட்டு வீட்டின் கடைசி அறையில். கிணறு பொது, துணி காயவைக்கிற கொடி பொது, கொல்லையில் இருந்த பூவரச மரத்தின் நிழலில்கூட யார் எந்த நேரத்தில் பாய் போடலாம் என்று ஒரு முறை இருந்தது. எனக்கு அது பிடிக்காது. முழுசாக என்னுடையது என்று உயிருள்ள ஒன்று வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. குழந்தைக்கு ஏங்கினாயா என்று கேட்பார்கள். அது வேறு, இது வேறு. எனக்கு வேண்டியிருந்தது ஒரு பெட்டை ஆடு.

அந்தச் சமயத்தில்தான் ரெட்டியார்பாளையத்து அக்கா எங்கள் தெருவுக்கு மோர் கொண்டுவர ஆரம்பித்தாள். நாற்பது வயது இருக்கும். வயலும் மாடும் ஆடும் உள்ள குடும்பம். காலையில் மோர்ப்பானையோடு டவுனுக்கு வந்துவிடுவதால் ஆட்டைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. ஒரு சினை ஆட்டை வாரத்துக்கு விடுகிறேன் என்றாள். வாரம் என்றால் பங்கு. ஆடு அவளுடையது, பாடு என்னுடையது, பிறக்கிற குட்டியில் ஆளுக்குப் பாதி.

“ஒரு ஈத்துதான் பொண்ணு,” என்றாள். “குட்டி பால் மறந்ததும் வருவேன். ரெண்டு இருந்தா மொதல்ல நான் ஒண்ணு எடுத்துக்குவேன், மிச்சம் ஒனக்கு. ஒண்ணே ஒண்ணு நின்னுதுன்னா அது எனக்கு. ஒனக்கு அடுத்த ஈத்துல பாத்துக்கலாம். இதான் எங்க பக்கத்து வழக்கம்.”

சரி என்றேன். ஆடு வந்தது. தை மாதம் ஒரு விடியற்காலை இரண்டு குட்டி போட்டது. இரண்டும் பெட்டை.

முதலில் வந்தது கருப்பு. வந்த வேகத்தில் எழுந்து நின்று மடியைத் தேடியது. இரண்டாவது வந்தபோது மூச்சில்லை. செவலை நிறம், நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளைச் சுட்டி. மூக்கில் இருந்த கோழையை வழித்துப் போட்டேன். பின்னங்காலைப் பிடித்துத் தொங்கவிட்டு ஆட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அதன் மூக்கில் வாய் வைத்து ஊதினேன். யார் சொல்லிக் கொடுத்தது என்று தெரியாது. மூன்றாம் தடவை ஊதியபோது என் வாய்க்குள் தும்மியது. அந்தத் தும்மலின் சூடு இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த நிமிஷமே அது என்னுடையது என்று முடிவு செய்துவிட்டேன். பங்கு பிரிக்க இன்னும் நாலு மாதம் இருந்தது.

நான் பட்டிக்காட்டில் வளர்ந்தவள் இல்லை. ஆனால் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்கிற பிடிவாதம் இருந்தது. சீம்பாலை வீணாக்கக் கூடாது, பிறந்த அரை மணிக்குள் குட்டி வயிற்றில் போய்விட வேண்டும் என்பது அக்கா சொன்னது. மீதியெல்லாம் நானாகக் கண்டுபிடித்தது. முதல் மாதம் ஒரு சொட்டுப் பாலும் கறக்கவில்லை. பக்கத்துக் குடித்தனக்காரி காப்பிக்குக் கேட்டாள். கறந்தால் நாலு நாள் காப்பி, குட்டி குடித்தால் காலத்துக்கும் ஆடு என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டேன். அவள் ஒரு மாதம் பேசவில்லை.

பதினைந்தாம் நாள் குட்டிகள் எதையாவது மெல்லத் தேடும். மண்ணைத் தின்ன விட்டால் கழியும். அதனால் இளந்தழையைக் கட்டாகக் கட்டிக் குட்டியின் மூக்குக்குக் கொஞ்சம் மேலே பூவரசங்கிளையில் தொங்கவிடுவேன். தரையில் போட்ட தழையை ஆடு மிதிக்கும், மிதித்ததைத் தின்னாது, தின்றாலும் வயிற்றில் பூச்சி. அண்ணாந்து எட்டிப் பறித்தால் தான் பிடித்ததைத் தான் தின்கிறோம் என்று அதற்கு ஒரு சந்தோஷம். பனி காய்ந்த பிறகுதான் தழை. அகத்தியை அறுத்தவுடன் போடாமல் ஒரு மணி நேரம் வாட விடவேண்டும். உப்புக்கட்டியைத் துணியில் முடிந்து சுவரில் மாட்டினேன். குட்டிகள் அதை நக்குகிற சத்தமும் தாய் அசைபோடுகிற சத்தமும் மத்தியான வேளையில் கேட்டுக்கொண்டே இருக்கும்.

எதையும் விலைக்கு வாங்குவதில்லை என்று வைராக்கியம். விலை கொடுத்துத் தீனி போட்டு வளர்த்தால் ஆடு நம்மைத் தின்னும். கடற்கரைப் பக்கத்து வெள்ளைக்கார மதாம் ஒருத்தியின் தோட்டத்தில் வேலி வெட்டும் நாளன்று தழைக்குப் போய் நிற்பேன். கொடுக்காப்புளி, வேலிமுருங்கை என்று எது கிடைத்தாலும் சரி. நெற்று புல்வாருக்குள் இனாம். தவிடு நாங்கள் மாவரைக்கிற மிஷினில் கூட்டி வைத்தது. புண்ணாக்கு மட்டும் அக்கா மோர்ப்பானையோடு கொஞ்சம் கொண்டுவருவாள். அப்புறம் வீட்டுக்காரருடைய ரொட்டி.

ரொட்டி போடலாம் என்று சொன்னது அவர்தான். காய்ந்த ரொட்டியை நொறுக்கித் தவிட்டோடு ஒரு பிடி கலந்தால் குட்டிகளுக்குப் பளபளவென்று மயிர் வரும் என்றார். கலந்தோம், வந்தது. தான் சுட்ட ரொட்டியை மனுஷர்கள் தின்பதைவிட ஆட்டுக்குட்டி தின்பதைப் பார்ப்பதில் அவருக்குத் தனி இன்பம்.

“மொறுமொறுன்னு சத்தம் வருது பாரு,” என்பார். “எங்க கடை மொதலாளி முசேகூட இப்பிடி ரசிச்சித் தின்ன மாட்டார்.”

அந்த மாசி, பங்குனி மாதங்களை நினைத்தால் ஒரு நீளமான மத்தியானமாகத்தான் ஞாபகம் வருகிறது. அவர் பாயில் தூங்குவார். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். சுட்டி வந்து என் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுக்கும். கடற்காற்று மூன்று மணிக்கு மேல் சாரம் வரைக்கும் வரும். பூவரச இலை அசையும்போது அதன் உடம்பில் வெளிச்சம் நகரும். கண்ணை மூடினால் கொல்லை நிறைய ஆடுகள். எல்லாவற்றுக்கும் நெற்றியில் வெள்ளைச் சுட்டி. ஒன்றுக்கும் பங்கு இல்லை. அவை வீட்டுக்குள் போய், அடுக்களையைத் தாண்டி, தெருவில் இறங்கி, வரிசையாகக் கடற்கரைக்கு நடந்து போகும். நான் பின்னால் போவேன். ஜன்னல் கதவுகளைத் திறந்து மதாம்கள் எட்டிப் பார்ப்பார்கள். விழித்தால் கால் மரத்துப் போயிருக்கும், சுட்டியின் எச்சில் கணுக்காலில் காய்ந்திருக்கும்.

பாசம் மட்டும் இல்லை, கணக்கும் இருந்தது. மறைப்பானேன். கருப்பி குண்டாக இருந்தாலும் குட்டையான சாதி உடம்பு. சுட்டிக்கு நீள முதுகு, அகல இடுப்பு. பெரிதானால் ஈத்துக்கு இரண்டு மூன்று போடும், மடி நிறையப் பால் இருக்கும் என்று பார்த்தாலே தெரிந்தது. எனக்குத் தெரிந்தால் அக்காவுக்குத் தெரியாதா?

சித்திரை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். மோர் விற்றுவிட்டு வெறும் பானையோடு அக்கா கொல்லைப்பக்கம் வந்தாள். கருப்பியைப் பார்த்துத் தலையசைத்தாள். சுட்டியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து இடுப்பைத் தடவினாள்.

“இதப் பாரேன், எம்மாம் அகலம்,” என்றாள். “இது பட்டியில நிக்கும் பொண்ணு.”

இன்னும் ஒரு மாதத்தில் வருவாள், முதலில் எடுப்பாள், எடுத்தால் சுட்டியைத்தான் எடுப்பாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அக்கா, இதை எனக்கு விட்டுவிடு என்று. கேட்டு வாங்குவது என் பிறவியிலேயே இல்லை. அதோடு, நான் கேட்டால் அதன் அருமை அவளுக்கு இன்னும் நன்றாகத் தெரிந்துவிடும், விடவே மாட்டாள் என்று ஒரு பயம். தீனியை வைத்துத்தானே இரண்டையும் வளர்த்தேன், தீனியை வைத்தே இதையும் செய்துவிடலாம் என்று தோன்றியது. தோன்றிய புத்திக்கு அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து தழைக்கட்டை ஒரு சாண் உயர்த்திக் கட்டினேன். கருப்பி முன்னங்காலைச் சுவரில் ஊன்றி எட்டிவிடும். சுட்டியை மட்டும் சுவருக்கு எதிர்ப்பக்கம் முளையில் கட்டினேன். பால் குடிக்க விடும்போது கருப்பி முதலில், மடி வற்றின பிறகு சுட்டி. நெற்று கருப்பிக்கு, ரொட்டி கருப்பிக்கு, தவிட்டுத் தண்ணீர் கருப்பிக்கு. சுட்டிக்குக் காய்ந்த பூவரச இலையும் வைக்கோல் தூசும். உயிர் நிற்கிற அளவுக்குத்தான் தீனி. ஒரே ஒரு மாதம்தானே, அக்கா கருப்பியை ஓட்டிக்கொண்டு போன அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் கொட்டித் தேற்றிவிடலாம் என்று அதன் காதில் சொல்வேன். கேட்டுக்கொண்டு என் கையை நக்கும். கையில் நெற்று வாசனை இருக்கும், நெற்று இருக்காது.

பத்து நாளில் முதுகெலும்பு தெரிந்தது. கத்துவதை நிறுத்திவிட்டது. அது கத்தினபோதுகூடத் தாங்கிக்கொண்டேன், நிறுத்தினபோது தாங்கவில்லை. ஒரு சாயங்காலம் மனசு கேட்காமல் ஒரு கொத்து அகத்தியை எடுத்துக்கொண்டு அதனிடம் போனேன். தின்ன வாயைத் திறந்தது. அதற்குள், இன்றைக்கு ஒரு கொத்து, நாளைக்கு ஒரு கொத்து என்று போனால் எல்லாம் வீண் என்று தோன்ற, கொத்தைக் கருப்பியின் பக்கம் வீசிவிட்டேன். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

வீட்டுக்காரர் கவனித்தார்.

“என்னா இது, ஒண்ணு மட்டும் இப்பிடிக் காஞ்சி போவுது?”

“வயித்துல பூச்சிங்க,” என்றேன்.

வாயில் வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். மறுநாள் காலை அவர் தூங்காமல் அம்மியில் எதையோ அரைத்துக்கொண்டிருந்தார். வேப்பங்கொழுந்து. அடுப்படியில் கூட வேலை செய்பவர் சொன்னாராம், மூன்று நாளைக்கு ஒரு தடவை வேப்பங்கொழுந்துச் சாறு கொடுத்தால் பூச்சி விழுந்துவிடும் என்று. சுட்டியை மடியில் இருத்தி, வாயைத் திறந்து, மூங்கில் குழாயில் ஊற்றினார். அது துப்பியது. வாயைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஊற்றினார். முகத்தில் அத்தனை அக்கறை.

“குடிச்சிடு, குடிச்சிடு, சரியாப் போயிடும்,” என்று அதன் கழுத்தை நீவிவிட்டார்.

நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன். அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அன்றைக்கே அவர் சுட்டிக்குத் தீனி போட்டுவிடுவார் என்பதால் சொல்லவில்லை.

அக்கா நடுவில் ஒரு தடவை வந்து பார்த்தாள். அவளிடமும் பூச்சி என்றேன். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள், வாலைத் தூக்கிப் பார்த்தாள், பானையை எடுத்துக்கொண்டு போனாள்.

பங்கு நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கருப்பிக்கு வயிறு உப்பிவிட்டது. என் அவசரம்தான். இன்னும் கொஞ்சம் மினுமினுப்பு ஏறட்டும் என்று ஒரு பிடி ரொட்டிக்குப் பதிலாக ஒரு முழு ரொட்டியை ஊறவைத்துப் போட்டிருந்தேன். கோதுமை மாவு ஆட்டு வயிற்றில் பொங்கும் என்று ரொட்டிக்காரன் பெண்டாட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும். மத்தியானம் பார்த்தால் இடது பக்கம் பானை மாதிரி எழும்பி நிற்கிறது, பல்லை நறநறவென்று கடிக்கிறது. வீட்டுக்காரரை எழுப்பினேன். நல்லெண்ணெயில் பெருங்காயத்தைக் கரைத்து ஊற்றி, முன்னங்காலைப் படியில் தூக்கி வைத்து, இருவரும் மாறி மாறி வயிற்றைத் தேய்த்தோம். நான் அழுதுகொண்டே தேய்த்தேன். கருப்பி மேல் எனக்கு இத்தனை உயிரா என்று அவருக்கு ஆச்சரியம். ஒன்று செத்தால் மிச்சம் அக்காவுக்கு. கருப்பி போய்விட்டால் சுட்டி போய்விடும். அந்த அழுகை அதற்குத்தான். கட்டிப்போட்டிருந்த இடத்திலிருந்து சுட்டி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெயில் இறங்கும் நேரத்தில் கருப்பி ஒரு நீள ஏப்பம் விட்டது, வயிறு அடங்கியது. பிழைத்தோம் என்று நினைத்தேன்.

பங்கு நாளுக்கு முந்தின நாள் சுட்டிக்கு விருந்து தயார் செய்தேன். வேலிமுருங்கைத் தழை ஒரு கட்டு, அகத்தி ஒரு கட்டு, பொறுக்கியதில் நல்ல நெற்றாகப் பார்த்து ஒரு முடிச்சு, இடித்துச் சலித்த புண்ணாக்கு ஒரு பொட்டலம். எல்லாவற்றையும் பழைய புடவைத் துணியில் கட்டி அறைக்குள் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அன்று முழுக்க அறை தழை வாசனையாக இருந்தது. படுத்தபோது மறுபடி அந்தக் கனவு வந்தது. வரிசையாக ஆடுகள், வெள்ளைச் சுட்டிகள். இந்தத் தடவை எந்த ஆட்டுக்கும் வாய் அசையவில்லை.

காலையில் அக்கா மோர்ப்பானை இல்லாமல் வந்தாள். கையில் கயிறு. நல்ல சேலை கட்டியிருந்தாள். வீட்டுக்காரர் அப்போதுதான் வேலை முடிந்து வந்து அம்மியடியில் உட்கார்ந்திருந்தார். தாய் ஆட்டையும் இரண்டு குட்டிகளையும் பூவரச மரத்தடியில் நிறுத்தினேன். கருப்பி எண்ணெய் தேய்த்ததைப் போல மின்னியது. சுட்டி கால்களைச் சேர்த்து நின்றது.

அக்கா கருப்பியைத் தூக்கிப் பார்த்தாள். கனம் தாங்காமல் சிரித்தாள். அப்புறம் அதைக் கீழே இறக்கி என் பக்கம் தள்ளிவிட்டாள்.

“இது ஒனக்கு.”

எனக்குப் புரியவில்லை.

“நல்லா இருக்கறத நான் ஓட்டிக்கினு போயி எளச்சத ஒந் தலையில கட்டினா நாயமா? வெயில்ல நடந்து நெத்துப் பொறுக்கினவ நீதானே. கொழுத்தத நீ வெச்சிக்க. இது பொழச்சாலும் போனாலும் என்னோட போவட்டும்.”

சுட்டியின் கழுத்தில் கயிறு விழுந்தது. மொதல்ல நான் எடுத்துக்குவேன் என்று அவள் சொன்னதை நான் எத்தனை விதமாகத் திருப்பித் திருப்பிக் கணக்குப் போட்டிருந்தேன். அவள் நல்லவளாக இருப்பாள் என்கிற கணக்கை மட்டும் போடவில்லை. வீட்டுக்காரர் சந்தோஷமாக, “நல்ல மனசுங்க ஒங்களுக்கு,” என்றார். அக்கா தாய் ஆட்டை ஒரு கையிலும் சுட்டியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு சந்தில் திரும்பினாள்.

நான் அறைக்குள் ஓடினேன். கட்டிலுக்கு அடியிலிருந்து மூட்டையை இழுத்துக்கொண்டு வெறுங்காலோடு தெருவில் ஓடினேன். விழுப்புரம் ரோட்டுக்குப் போகிற திருப்பத்தில் அவர்களைப் பிடித்தேன்.

“அக்கா, இத எடுத்துக்கினு போக்கா,” என்றேன். மூச்சு வாங்கியது. “இதுக்கு அகத்தின்னா உசுரு. வாட வெச்சிப் போடு. நெத்த ஒடைச்சிப் போடணும், முழுசாப் போட்டா துப்பிடும். புண்ணாக்க ராத்திரியே ஊற வெச்சிடு. சாய்ங்காலம் ஒரு தபா காது பின்னாடி சொறிஞ்சி விட்டாதான் திங்கும்.”

அக்கா மூட்டையை வாங்கவில்லை. முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள். தழை, நெற்று, சலித்த புண்ணாக்கு. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அப்புறம் சுட்டியின் விலாவில் கை வைத்து எலும்பை எண்ணுவது போல மெல்ல இறக்கினாள்.

“பூச்சின்னியே,” என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“இம்மாந் தெரிஞ்சி வெச்சிக்கினா போடாம இருந்த?”

ஒரு கொத்து அகத்தியை எடுத்துச் சுட்டியின் வாயருகே நீட்டினாள். அது உடனே தின்னவில்லை. என்னைப் பார்த்தது. தின்னலாமா என்று கேட்பது போல இருந்தது. இல்லை, அப்படி நான் நினைத்துக்கொண்டிருக்கலாம். அப்புறம் தின்றது. காம்பு வரைக்கும் தின்றது. ரோட்டில் ஒரு மாட்டு வண்டி எங்களைச் சுற்றிக்கொண்டு போனது.

“எனக்கு இதுதான் வேணும்னு இருந்துச்சிக்கா,” என்றேன். “நீ எடுத்துக்குவியோன்னு.”

அவள் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். கோபித்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

“ஒரு வார்த்த கேட்டிருந்தா இதையே விட்டுட்டுப் போயிருப்பேன் பொண்ணு,” என்றாள். “இப்ப குடுக்க மாட்டேன்.”

மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். சுட்டி மூட்டையின் வாசனைக்கு அவள் பின்னால் எட்டி எட்டிப் போனது. ஒரு தடவையும் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று எனக்கே தோன்றியது, ஆனாலும் ரோடு வளைகிற வரைக்கும் நின்று பார்த்தேன். அதைப் போல நான் எதையும் விரும்பியதில்லை. அதைப் போல எதையும் பட்டினி போட்டதும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது கருப்பி தனியாக மரத்தடியில் நின்று கத்திக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் கையில் பச்சை உருண்டை ஒன்றை வைத்துக்கொண்டு நின்றார். நான் ஓடின நேரத்தில் வேப்பங்கொழுந்து அரைத்திருக்கிறார்.

“இன்னிக்கு மூணாம் நாளு,” என்றார். “அவங்க போயிட்டாங்களா? குடுத்து அனுப்பலாம்னு அரைச்சேன். ஓடிப் போயிக் குடுத்துட்டு வரட்டுமா?”

“வேணாங்க,” என்றேன்.

“ஏன்?”

“அதுக்குப் பூச்சி இல்லீங்க.”

என் முகத்தைப் பார்த்தார். கருப்பியைப் பார்த்தார். தழை கட்டியிருந்த கிளையைப் பார்த்தார், அது எத்தனை உயரம் என்று அன்றைக்குத்தான் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். சுட்டியை மடியில் போட்டு, துப்பத் துப்ப வாயைப் பிடித்துக்கொண்டு ஊற்றிய கை அது. அந்தக் கையில் உருண்டை அப்படியே இருந்தது.

“எப்பவுமே இல்லியா?” என்று கேட்டார்.

“இல்ல.”

அவர் போய் அம்மியைக் கழுவ ஆரம்பித்தார்.